மேசைக்கு அடியில் ஒரு பட்டன்

ஏமாத்திட்டே. இல்லைன்னு சொல்லு பாப்போம். சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு பாப்போம். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, கழுத்துல தாலி ஏறுறதுக்கு முன்னால ஆரம்பிச்சது, இன்னைக்கு மத்தியானம் எனக்கு மோர் ஊத்தினது வரைக்கும் முகத்துல ஒரு சுருக்கம் விழாம ஏமாத்தியிருக்கே. ஹார்பர் ஏலத்துல எத்தனை எமகாதகனைப் பாத்திருக்கேன், எடை மெஷின் மேல ஒத்தைக் கால வச்சு அழுத்துறவனை வாசனையிலேயே கண்டுபிடிச்சிருக்கேன், கடைசியில என் வீட்டுக்குள்ள இருந்த கள்ளி தப்பிச்சுட்டா. தவசிமுத்து ஆள்காட்டி விரலை நீட்டி இத்தனையும் சொன்னது சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து. அறையில் வேறு யாரும் இல்லை. கீழே கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, ஷட்டர் இறங்கிக் கிடந்தது. மேலே இந்த ஒற்றை அறையில் ஃபேன் கடகடத்துக்கொண்டிருந்தது, ஜன்னல் வழியாகத் தூத்துக்குடி உப்புக் காற்று வந்து கழுத்து வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது, எதிரே புது லேப்டாப்பின் திரையில் கறுப்புப் பின்னணியில் பெட்டி பெட்டியாக மழை மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. குற்றவாளி குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருந்தாள், மகள் கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டதாம், வாங்கி வர. வரட்டும். வந்ததும் வாசலிலேயே நிறுத்திக் கேட்கவேண்டும். என்ன கேட்பது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நினைத்தபோதே வயிற்றுக்குள் கோபம் இருக்கவேண்டிய இடத்தில் என்னவோ குறுகுறுவென்றது, அடக்கப் பார்த்தார், மீசைக்குக் கீழே அது சிரிப்பாக வழிந்துவிட்டது. சீ, கோபமாக இருக்கும்போது இது என்ன கூத்து. மறுபடி காலண்டரைப் பார்த்து விரலை நீட்டினார். கள்ளி.

எல்லாம் காலையில் இட்லித் தட்டுக்கு முன்னால் ஆரம்பித்தது. பந்தக்காலைப் பெரியப்பாதான் நடவேண்டும் என்று மகள் பொன்ரேகா பெங்களூரிலிருந்து ஒற்றைக் காலில் நிற்கிறாள். பெரியப்பா என்றால் தவசிமுத்துவின் அண்ணன் கோயில்ராஜ். அந்தப் பெயரை இந்த வீட்டில் சொல்லி எத்தனையோ வருசம் ஆகிவிட்டது. அண்ணன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்றைக்குப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து வந்தவர் தவசிமுத்து. அவர்கள் பக்கத்து வழக்கம் ரொம்பக் கறாரானது, எந்த வீட்டில் இலையை விட்டு எழுந்தானோ அந்த வீட்டுக்கே போய், ஓர் இலையில் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் சாப்பிட்டு, இலையை மூடிவிட்டுத்தான் மறு பேச்சு பேசமுடியும். வாசலில் நின்று பத்திரிகையை நீட்டிவிட்டு வருவதெல்லாம் செல்லாது. எழுந்தவன் வரவேண்டும், இல்லையென்றால் அவன் பெண்டாட்டியாவது வந்து உட்கார வேண்டும். "நீங்கதான் போகணும்" என்றாள் பெண்டாட்டி. "நான் அவன் வாசலை மிதிக்க மாட்டேன்ளா. என் காலு அந்தப் பக்கம் திரும்பாது." "உங்க காலைப் பத்தி எனக்குப் பயம் இல்லை. வாயைப் பத்தித்தான் பயம்." "அப்ப நீ போய் உக்காரு." "இலையை விட்டு எந்திரிச்சது நானா? எனக்கு அன்னைக்கு அப்பளம் கூட வரல, நீங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டீங்க." பிய்த்த இட்லியைத் தட்டிலேயே போட்டார். பேரம் என்று வந்தால் முதல் விலையை நாம் சொல்லக்கூடாது, எதிராளி வாயிலிருந்துதான் வரவேண்டும், ஆனால் இவளிடம் அந்தப் பாச்சா என்றைக்குப் பலித்தது? அவசரத்தில் அவரே சொல்லிவிட்டார். "சரி, பழைய மாதிரியே முடிவு பண்ணுவோம். பெட்டி ஆட்டம். தோத்தவங்க போகணும்." அவள் சட்னிக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "அது இப்ப எந்தக் கம்ப்யூட்டர்ல ஓடும்? பழசை எல்லாம்தான் எடைக்குப் போட்டாச்சே." "நான் ஓட வைக்கேன்." "ஓட வச்சா ஆடுதேன். தோத்துட்டு மூஞ்சியைத் தூக்கக்கூடாது." சொல்லிவிட்டு அவள் உள்ளே திரும்பியபோது தோள் குலுங்கியதே, இருமல் என்றல்லவா நினைத்தேன். இருமலாம். இப்போதல்லவா புரிகிறது எந்த இருமல் என்று.

ஓட வைக்கிறேன் என்று சொல்லிவிட்டாரே ஒழிய, உள்ளூர உதறல்தான். புது மெஷினில் பழைய டாஸ் புரோகிராமைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பணக்காரச் சம்பந்தி வீட்டு வாசலில் ஏழைச் சொந்தக்காரன் போய் நின்ற மாதிரி. ஆனால் அந்தப் பழைய மெஷினை எடைக்குப் போட்டபோது அதன் ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி வைத்திருந்தார். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் காந்தத்துக்காக என்று சொல்லியிருப்பார். பொய். செங்கல் கனத்தில் அந்த டிஸ்க் கீழே கடை அலமாரியில், பழைய வயர்ச் சுருளுக்கு நடுவே, உப்புக் காற்றில் ஓரம் துருப்பிடித்து இத்தனை காலம் கிடந்தது. காலையில் அதை எடுத்துத் துடைத்து, கேபிள் மாட்டி, காதருகே வைத்தபோது உள்ளே தட்டு சுழல்கிற சத்தம் கேட்டது பாருங்கள், பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் காது வைத்துக் கேட்டது போல இருந்தது, உயிர் இருக்கிறது, பெட்டி ஆட்டம் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. உடனே பொன்ரேகாவுக்குப் போன். "அப்பா, நான் அனுப்புற லிங்க்ல ஒரு எமுலேட்டர் இருக்கு, இறக்கிக்கோங்க. உங்க லேப்டாப்புக்குள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி அது நடிக்கும். பழைய புரோகிராம் அதை நம்பி ஓடும்." "நடிப்பா? ஏமாத்துன்னு சொல்லு." "நல்லதுக்கு ஏமாத்துறதுப்பா." "உங்கம்மா மாதிரியே பேசுதே." அதைச் சொல்லும்போது தெரியுமா எனக்கு, என்ன சொல்கிறேன் என்று! கறுப்பு ஜன்னல் ஒன்று திறந்தது. வெள்ளை எழுத்து. கண்சிமிட்டுகிற அந்தச் சின்னக் கோடு. தவசிமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஏ புள்ள, சி-ங்கிற எழுத்தைக் காணோம், இசட்-னு நிக்குது." "நீங்கதான்ப்பா சொல்லிக்கொடுக்கணும். எந்த ஃபோல்டரை சி-னு நினைக்கணும்னு மவுன்ட் போட்டுச் சொல்லுங்க." சொன்னார். நினைத்துக்கொண்டது. வாயில்லாத ஜீவன், சொன்னதை நம்புகிறது, இன்னொருத்தர் ஹார்ட் டிஸ்கைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு அதுபாட்டுக்கு வேலை செய்கிறது. "அப்புறம் மவுஸ் உள்ள மாட்டிக்கிட்டா கன்ட்ரோலும் எஃப் டென்னும் அழுத்துங்க. பக்கத்துல இருக்கிற கீயைத் தொட்டுராதீங்க." "தொட்டா வெடிக்குமா?" "வேகம் மாறிரும், ஒண்ணுல குறையும், அடுத்ததுல ஏறும், அவ்வளவுதான். வைக்கட்டுமா? பெரியப்பா விஷயம் மறக்காதீங்கப்பா." வைத்துவிட்டாள்.

பீப். அந்த ஒரு பீப் சத்தத்துக்கே கண் கலங்கிவிட்டது, யாராவது பார்த்தால் வெட்கம். மேலே கிரேன், கீழே கப்பல், நடுவே தண்ணீர் மாதிரி ஒரு நீலக் கோடு. கிரேன் பெட்டியை விடும், கப்பலை இடமும் வலமும் நகர்த்திப் பிடிக்கவேண்டும். தண்ணீரில் விழுந்தால் பீப். பீப் அதிகமானால் ஆட்டம் அடுத்த ஆளுக்குப் போகும். யாரோ எந்த நாட்டிலோ உட்கார்ந்து எழுதியது, பெயர் கூடத் தெரியாது, நாங்கள் வைத்த பெயர் பெட்டி ஆட்டம். தவசிமுத்து சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு ஆடினார். பெட்டி ஆற அமர இறங்கியது, கோயில் தேர் வடத்தை இழுக்காமல் விட்ட மாதிரி. ஒன்று கூடத் தண்ணீரில் விழவில்லை. இவ்வளவு சுலபமா? கிழவனான பிறகு கை தேறிவிட்டதா? அன்றைக்குக் காளை வயசில் பிடிக்கமுடியாத பெட்டியை இன்றைக்கு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பிடிக்கிறேனே. வரட்டும் அவள், இன்றைக்கு ஆட்டத்தில் அவளைத் தண்ணீரில் இறக்கி, கோயில்ராஜ் வீட்டுக்கு அவளையே அனுப்பிவிட்டு, நான் இங்கே காலை நீட்டி, பொரித்த மீனோடு, ஆகா. அந்தக் குஷியில் கை மவுஸில் இடித்துவிட்டது, அம்பு உள்ளே மாட்டிக்கொண்டது, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு தடித்த விரலால் எஃப் டென்னைத் தேடினார். விரல் எதை அழுத்தியதோ, அதை ஒருதரத்துக்கு நாலு தரம் அழுத்தியதோ. கறுப்பு ஜன்னலின் உச்சியில் இருந்த வேக எண் ஏறியது. கிரேன் வெறி பிடித்தது மாதிரி பெட்டியைக் கொட்டத் தொடங்கியது, பீப் பீப் பீப், கப்பல் ஒரு பக்கம் பெட்டி ஒரு பக்கம். அப்போதுதான், கையில், மணிக்கட்டில், தோளில், ஏதோ ஒன்று உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது. இந்த வேகம் எனக்குத் தெரியும். இந்த வேகத்தில் நான் தோற்றிருக்கிறேன். இந்த வேகத்தில் மட்டும்தான் தோற்றிருக்கிறேன். அந்த வேகத்தோடு சேர்ந்து ஒரு சத்தமும் வரவேண்டுமே, காது தன் பாட்டுக்கு அதை எதிர்பார்த்து நின்றது, மேசைக்கு அடியிலிருந்து, ஒரே ஒரு தரம், சில். கொலுசு.

அட தெய்வமே. அந்தக் கொலுசு. அந்தச் சத்தத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமே சொன்னதில்லை. நெஞ்சுக்குள் தனி அறை கட்டிப் பூட்டி வைத்திருந்த சத்தம் அது. அப்போது அவள் டீச்சர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் புதிதாகக் கம்ப்யூட்டர் கிளாஸ் ஆரம்பித்திருந்தார்கள். தவசிமுத்து கப்பல் கழிவில் வந்த கம்ப்யூட்டரை ஏலம் எடுத்து, ரெண்டு செத்ததைப் பிரித்து ஒன்றுக்கு உயிர் கொடுத்து விற்கிறவன், எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று ஹார்பருக்குப் போனவன். அங்கே ஒரு மெஷினைக் கொண்டுபோய் இறக்கினான். நெடுக நிற்கிற டப்பா, மேசைக்கு அடியில் தரையில் வைக்கிற மாதிரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "டீச்சர், இந்தா, இந்தப் பட்டனைப் பாருங்க. டர்போன்னு பேரு. உள்ள அமுக்கினா மெஷின் பறக்கும், வெளிய விட்டா நிதானமா நடக்கும். ஊருக்குள்ள வேற எந்த மெஷின்லயும் இது கிடையாது." பெருமை! சொந்த வாயால் சொல்லிக்கொடுத்தேன், சொந்த விரலால் தொட்டுக் காட்டினேன், வாளைத் தீட்டி எதிராளி கையில் கொடுத்துவிட்டுக் கழுத்தை நீட்டியவன் நான் ஒருத்தன்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த டப்பாவின் நெற்றியில் சிவப்பு எண் விளக்கு ஒன்று இருந்தது, வேகம் கூடினால் ஓர் எண், குறைந்தால் ஓர் எண் என்று காட்டும். அது இருந்திருந்தால் குனிந்து ஒரு பார்வை பார்த்தாலே குட்டு உடைந்திருக்கும். அதுவும் இல்லை. ஏன் இல்லை? அரிசி மண்டிக்காரர் ஒருவர் தன் மெஷினுக்கும் சிவப்பு விளக்கு வேண்டும் என்று அடம் பிடித்தார், விளக்கு எதற்கு, சும்மா அலங்காரம்தானே என்று டீச்சர் மெஷினிலிருந்து பிடுங்கி அவருக்கு மாட்டி விற்றேன். ஓட்டையில் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். எனக்கு நானே குழி வெட்டி, டேப்பும் ஒட்டி மூடியிருக்கிறேன்.

மெஷினைப் பார்க்கிற சாக்கில் சாயங்காலம் சாயங்காலம் போவான். மாணவர்கள் போன பிறகு பெட்டி ஆட்டம். ஒரே கீபோர்டு, பக்கத்து பக்கத்து ஸ்டூல். அவள் முறை வந்தால் பெட்டி தூங்கி வழிந்துகொண்டு இறங்கும், அவன் முறை வந்தால் வானம் பொத்துக்கொள்ளும். ஏன் என்று ஒரு நாளாவது யோசித்தானா? யோசித்தான். தப்பாக யோசித்தான். இவ்வளவு பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், தலையில் பிச்சிப்பூ, கை நடுங்குகிறது, அதனால்தான் உலகமே வேகமாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டான். அவன் முறை தொடங்கும்போதெல்லாம் மேசைக்கு அடியில் சில் என்று ஒரு தரம் கொலுசு சிணுங்கும். அடடா, எனக்காகத் துடிக்கிறாள், நான் ஜெயிக்கவேண்டும் என்று தவிக்கிறாள், கால் தாங்கமாட்டாமல் அசைகிறது. இப்படி நினைத்து ராத்திரி தூக்கம் கெட்டிருக்கிறான் மடையன். அவள் கால் கட்டை விரலால் டர்போவை அமுக்கியிருக்கிறாள்! அமுக்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி, "பாத்து ஆடுங்க மெக்கானிக், சரக்கு எல்லாம் தண்ணிக்குள்ள போகுது" என்று சொல்வாள். தவசிமுத்து இப்போது ஜன்னலுக்கு எழுந்து போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அந்தச் சத்தம் இனிமேல் எந்தச் சத்தம்? அதை நம்பித்தானே ஒரு குடும்பமே நடத்தியிருக்கிறேன். சண்டை போட்ட நாளெல்லாம், வாயெல்லாம் நெருப்பாக நிற்கும்போது, அந்தச் சில் ஞாபகத்துக்கு வந்து அடங்கியிருக்கிறேனே. அது காதல் இல்லையா, வேகம் கூட்டுகிற பட்டனா? ஒரு கணம் நிஜமாகவே நெஞ்சு காலியாகிவிட்டது, ஏலத்தில் கப்பலையே எடுத்துவிட்டதாக நினைத்துத் துறைக்கு வந்து பார்த்தால் வெறும் நங்கூரம் கிடந்த மாதிரி.

அப்புறம் அந்தப் பந்தயம். அவள் அப்பா உப்பளத்தில் கணக்கப்பிள்ளை, பேச்சு கம்மி, பார்வை ஜாஸ்தி. அவரிடம் யார் முதலில் வாயைத் திறப்பது? பெட்டி ஆட்டத்தில் தோற்றவர். தோற்றேன், தோற்காமல்? சில் என்று ஒரு தரம், அவ்வளவுதான், சரக்கெல்லாம் கடலுக்குள். மறுநாள் மஞ்சள் வெயிலில் வாழைத்தாரோடு போய் நின்றான் தவசிமுத்து. "என்ன படிச்சிருக்கே?" "எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடத்துல. மிச்சம் ஹார்பர்ல." "என் பொண்ணு பட்டம் வாங்கினவ." "பட்டம் அவள்ட்ட இருக்கு. நானும் அதையே வாங்கி வீட்டுல ரெண்டா வச்சு என்ன பண்ண?" அவர் எழுந்து வாசலுக்குப் போய், கழற்றி விட்டிருந்த இவன் செருப்பைக் காலால் தெருவுக்குத் தள்ளினார். எடுக்கப் போவான், கதவைச் சாத்தலாம் என்று கணக்கு. தவசிமுத்து ஹார்பரில் எத்தனை கணக்குப் பார்த்தவன். போகவில்லை. வெறுங்காலோடு நடு வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். "செருப்பு போனா போகட்டும் மாமா. நான் முடிவு கேட்காம எந்திரிக்க மாட்டேன்." மாமா என்று சொன்னது அவனுக்கே திக் என்றது. வெயில் இறங்கியது. அவர் பேப்பர் படித்தார், இவன் உட்கார்ந்திருந்தான். அவர் உலாவினார், இவன் உட்கார்ந்திருந்தான். கடைசியில் அந்த மனுசன் உள்ளே பார்த்து, "இவனுக்கு மோர் கொண்டாங்க, இல்லைன்னா இங்கயே குடியிருந்துருவான்" என்றார். மோர் வந்தால் பேரம் முடிந்தது என்று அர்த்தம், ஹார்பரிலும் அப்படித்தான். இவ்வளவு காலம் கழித்து நினைத்தாலும் அந்த மோரின் புளிப்பு நாக்கின் ஓரத்தில் நிற்கிறது, அன்றைக்கு அவன் எழுந்திருக்கவில்லை, இலை இல்லை, சோறு இல்லை, மரியாதை கூட இல்லை, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பிறகு அண்ணன் வீட்டில் அவ்வளவு சோறு போட்டும் எழுந்து வந்தானே, ஏன்?

கோபம். இந்தக் கோபம் இருக்கிறதே, அது வந்தால் பெட்டி கொட்டுகிற வேகத்தில் எல்லாம் கொட்டும், எதையும் பிடிக்கமுடியாது. பந்தியில் கோயில்ராஜ் தானே பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார், அவருடைய புதுச் சம்பந்திக்காரர்கள் எல்லாரும் எதிர் வரிசையில், தோளில் ஒரு கையை வைத்துச் சொன்னார்: "இது என் தம்பி. இவன் குப்பையில கூட கம்ப்யூட்டர் எடுப்பான்." குப்பை! குப்பை பொறுக்குகிறவன் என்கிறானா, சம்பந்தி முன்னாலா? நாற்காலி விழுந்தது, இலை கிழிந்தது, இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே. அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம். தவசிமுத்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, வேகத்தைக் குறைக்கிற கீயைத் தேடி மெல்ல அழுத்தினார். எண் இறங்கியது. கிரேன் பெருமூச்சு விட்டது மாதிரி நிதானப்பட்டது. பெட்டி ஒன்று காற்றில் தயங்கித் தயங்கி வந்தது, அதன் நாலு மூலையும் தெரிந்தது. கப்பலை நகர்த்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். தோளில் கை வைத்தாரே. எந்தத் தோள்? இடது. அந்தக் கை அழுத்தியதா? கேலி பண்ணுகிறவன் அப்படிக் கை வைப்பானா? சிரித்தாரே, யாரைப் பார்த்துச் சிரித்தார்? என்னைப் பார்த்தா, சம்பந்தியைப் பார்த்தா? சம்பந்தியைப் பார்த்து, தாடையைத் தூக்கி, இந்தா பார் என் தம்பியை என்கிற மாதிரி. எடுப்பான் என்றார், பொறுக்குவான் என்று சொல்லவில்லை. பொறுக்குவான் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. பீப். பெட்டி தண்ணீரில் விழுந்தது. தவசிமுத்து முகத்தைத் துண்டால் துடைத்தார், வேர்வை என்று தனக்கே சொல்லிக்கொண்டார். இப்போது அண்ணனுக்கு ஒரு கண் சரியாகத் தெரியவில்லையாம், ஆளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறாராம். நான் போய் வாசலில் நின்றால்? குரல் கொடுக்கவேண்டுமே. கொடுத்தால், யாரு என்று கேட்டுவிட்டால்? கேட்டுவிட்டு, தெரிந்தும், கதவு திறக்காவிட்டால்? ஹார்பரில் எவனுக்கும் பயப்படாதவருக்கு அந்த ஒரு கதவுதான் பயம். அதற்காகத்தானே இந்தப் பெட்டி ஆட்டம், அதற்காகத்தானே அவளைத் தோற்கடிக்க இவ்வளவு பாடு, அவள் போனால் கதவு திறக்கும், அவளுக்கு எல்லாக் கதவும் திறக்கும்.

"கதவைத் திறங்க, ரெண்டு கையிலயும் இருக்கு." மாடிப்படியில் அவள் குரல். தவசிமுத்து துள்ளி எழுந்தார், சட்டையைத் தேடினார், வேண்டாம் என்று விட்டார், எண்ணை மறுபடி ஏற்றினார், பெட்டி கொட்டத் தொடங்கியது, பிறகுதான் கதவைத் திறந்தார். மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டும், மக்ரூன் பொட்டலமும், மடக்கிய குடையும். "யாரைத் திட்டிட்டு இருந்தீங்க? தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு." "ஒரு கள்ளியை." "எந்தக் கள்ளி?" "வா, வந்து பாரு. ஓட வச்சுட்டேன்." அவள் திரையைப் பார்த்தாள். பெட்டி மழையைப் பார்த்தாள். அப்புறம் அவள் கண், அவளையும் அறியாமல், மேசைக்கு அடியில் போனது. அங்கே ஒன்றும் இல்லை, அவருடைய செருப்புதான் கிடந்தது. போதும். வேறு சாட்சி வேண்டாம். "மாட்டினியா!" என்று தவசிமுத்து கத்தினார், தொடையில் தட்டினார், "கண்ணு எங்க போச்சு? அடியில என்ன இருக்கு? டர்போ இருக்கா?" அவள் பத்திரிகைக் கட்டை மேசையில் வைத்தாள், முந்தானையால் வாயைப் பொத்தினாள், பொத்தியும் நிற்கவில்லை. "எப்பக் கண்டுபிடிச்சீங்க?" "இப்பத்தான்." "இப்பத்தானா? கீழ கம்ப்யூட்டர் வியாபாரம்னு போர்டு வேற." "ஏளா, சிரிக்காதே, நான் கோவமா இருக்கேன்." "தெரியுது, மீசை ஆடுது." "எதுக்குளா பண்ணுனே? உங்கப்பன்ட்ட என்னை மாட்டி விடவா?" அவள் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள், பழைய இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்த அதே பக்கம். மக்ரூனை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நான் போயிருந்தா அழுதிருப்பேன். எங்கப்பா அழுகைக்கு இளகுற ஆளு இல்ல. செருப்பைத் தூக்கிப் போட்டாலும் எந்திரிக்காத ஆளு ஒருத்தர்தான் எனக்குத் தெரியும்." "அப்ப மத்த நாள்ல ஆடுனது?" "அது, நீங்க தோத்தா மறுநாளும் வருவீங்கல்ல."

மக்ரூன் வாயில் கரைந்துகொண்டிருந்தது, முந்திரி வாசம், சர்க்கரை. பூட்டி வைத்திருந்த அறையில் சத்தம் அப்படியே இருந்தது, யாரும் எடுத்துப் போகவில்லை. மறுநாளும் வரவேண்டும் என்று அமுக்கியிருக்கிறாள். அப்படியென்றால் அது. சரி. ஆனால் இதை இவளிடம் ஒப்புக்கொள்ளக் கூடாது, பேரத்தில் எதிராளி முன்னால் சந்தோஷப்பட்டுவிட்டால் விலை ஏறிவிடும். தவசிமுத்து துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப, இன்னைக்கு ஆடுவோமா?" என்று அவள் கீபோர்டை இழுத்தாள். தவசிமுத்து அதைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், ஒரு கீயை அழுத்தி அழுத்தி எண்ணை இறக்கினார், பெட்டி நிதானமாக வரத்தொடங்கியது. "ஆட்டம் கிடையாது. அன்னைக்கு ஆடினது செல்லாத ஆட்டம், அதுக்கு முதல்ல ஈடு கட்டணும். கேட்டுக்கோ, பேரம் கிடையாது, ஒரே விலை. கோயில்ராஜ் வீட்டுக்கு நான் போறேன். ஒத்தையில இல்லை. அன்னைக்கு உங்கப்பன்ட்ட ஒத்தையில அனுப்பினேல்ல, இன்னைக்கு நீ கூட வா. வாசல்ல நின்னு நான்தான் குரல் கொடுப்பேன், அவுகளுக்கு என் குரல் தெரியும். உள்ள போனதும் எனக்கு இடது பக்கத்து இலையில நீ உக்காரு. பீரோவுல பவுடர் டப்பாவுக்குள்ள போட்டு வச்சிருக்கியே அந்தக் கொலுசு, அதை எடுத்து மாட்டு, வயசாச்சு கால் வீங்குதுன்னு சாக்கு சொல்லாதே. அண்ணன் ஏதாவது சொல்லுவாரு, எனக்குச் சுருக்குன்னு ஏறும், இலையை விட்டு எந்திரிக்கப் பார்ப்பேன். அப்ப அடியில காலை நீட்டி என் கால்ல ஒரு அமுக்கு அமுக்கு. சத்தம் எனக்குக் கேக்கணும். என்னைப் பறக்க விட்டவ நீ, நிதானமா நடக்க வைக்கிறதும் உன் வேலை. கள்ளத்தனம் பண்ணினவ நீ, நீயே வந்து சரி பண்ணு. என்ன பாத்துக்கிட்டே இருக்கே? எந்திரி, போய்க் கொலுசை எடு."